ஹெரால்டுக்கு எந்தக் கார்புரேட்டர்?

ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உங்கள் வயதுக்காரர்கள் இரண்டு பேர் என் பட்டறைக்கு வந்தார்கள். கையில் ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்த இரண்டு வெபர் 40 டிசிஓஇ கார்புரேட்டர்கள். புத்தம் புதியவை. நான்கு வாய்களும் நாதஸ்வர அணசு போல விரிந்து பளபளத்தன. மாதக்கணக்கில் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியிருக்கிறார்கள். "ஐயா, இதை ஹெரால்டில் மாட்டித் தரணும்" என்றார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். காரணத்தை ஐந்து நிமிடத்தில் சொல்லிப் பார்த்தேன், சரியாக வரவில்லை. முகம் வாடித் திரும்பிப் போனார்கள். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. அவர்களிடம் சொல்ல வராததை இங்கே எழுதுகிறேன். உங்களில் பலருக்கும் அதே ஆசை இருக்கிறது என்று தெரியும்.

ஆசையில் தப்பே இல்லை. வண்டலூர் தொழிற்சாலையில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி செய்த கார் இது, நம் ஊர்க் கார். பூட்டைத் தளர்த்தி பானெட்டை முன்பக்கமாகக் கவிழ்த்தால் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். வேறு எந்தக் காரும் மெக்கானிக்கின் முதுகுக்கு இவ்வளவு இரக்கம் காட்டியதில்லை. ஆனால் 948 சிசி இன்ஜின். மேம்பாலம் ஏறும்போது பின்னால் வருகிறவன் ஹாரன் அடிப்பான். இன்னும் கொஞ்சம் இழுவை இருந்தால் நன்றாக இருக்குமே என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது.

கார்புரேட்டர் என்ன செய்கிறது என்பதிலிருந்து வருகிறேன். உங்கள் தாத்தா வீட்டில் கொசு மருந்து அடிக்கிற தகரப் பம்பு ஒன்று இருந்திருக்கும். கைப்பிடியைத் தள்ளினால் காற்று ஒரு சிறு துளை வழியாக வேகமாகப் பாயும். அந்த வேகம் கீழே டப்பாவில் இருக்கும் மருந்தை உறிஞ்சி மேலே இழுத்துத் தூளாக்கும். கார்புரேட்டரும் இதே வேலைதான். குழாயின் நடுவே ஒடுங்கிய இடம் வெஞ்சுரி. அங்கே காற்றின் வேகம் கூடும், அழுத்தம் குறையும், ஜெட் வழியாக பெட்ரோல் மேலேறும். ஒரு லிட்டர் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று வேண்டும். ஆகவே கார்புரேட்டர் அளக்கிற பொருளில் பெரும்பகுதி காற்றுதான்.

வாய் பெரிதானால் காற்று நிறைய போகும், சக்தி கூடும் என்று நினைக்கத் தோன்றும். 948 சிசி இன்ஜின் 5,000 சுற்றில் ஓடும்போது நிமிடத்துக்கு அதிகபட்சம் 2,370 லிட்டர் காற்றைத்தான் இழுக்க முடியும். வாயை எவ்வளவு அகலமாக்கினாலும் அதற்கு மேல் இழுக்காது. அகலமான வாயில் அதே காற்று மெதுவாகப் போகும். தகரப் பம்பை மெதுவாகத் தள்ளிப் பாருங்கள், மருந்து சொட்டும், தூளாகாது. இன்ஜினிலும் அப்படியே. சிக்னலில் நின்று கிளம்பும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு கணம் செத்து, இருமி, பிறகு ஓடும். ஊருக்குள் ஓட்டுகிற நேரம் முழுக்க அந்த இருமலோடு வாழ வேண்டும்.

அந்த இரண்டு வெபரை மறுத்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் சிலிண்டர் ஹெட்டில் இருக்கிறது. மேனிபோல்டைக் கழற்றிவிட்டு ஹெட்டின் பக்கவாட்டைப் பாருங்கள். புகை வெளியேற நான்கு துளைகள் இருக்கும். கலவை உள்ளே போவதற்கு இரண்டே துளைகள். ஒன்றாம், இரண்டாம் சிலிண்டர்களுக்குப் பொதுவாக ஒன்று. மூன்றாம், நான்காம் சிலிண்டர்களுக்குப் பொதுவாக ஒன்று. ஆக ஆறு துளை. உள்ளே போனபிறகுதான் வழி இரண்டாகப் பிரியும். ஒரே வாசலுக்குள் இரண்டு குடித்தனம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வெபர் என்றால் நான்கு வாய். சிலிண்டருக்கு ஒரு வாய் என்று தனித்தனியாக ஊட்டுவதற்காகவே அந்த அமைப்பைக் கண்டுபிடித்தார்கள். ஹெரால்டின் ஹெட்டில் இருப்பதோ இரண்டு துளை. நான்கு குழாயை எப்படி வளைத்துக் கொண்டுவந்தாலும் கடைசியில் இரண்டு துளைக்குள்தான் தள்ள வேண்டும். வெபரால் கிடைக்கக்கூடிய லாபம் அந்த வாசலிலேயே தீர்ந்துவிடும்.

பொது வாசலில் இன்னொரு சங்கடமும் உண்டு. இந்த இன்ஜினில் சிலிண்டர்கள் 1-3-4-2 என்ற வரிசையில் எரிகின்றன. மூன்றாவதை அடுத்து உடனே நான்காவது, இரண்டாவதை அடுத்து உடனே ஒன்றாவது. அதாவது ஒரே வாசலில் இருக்கிற இரண்டு பேரும் அடுத்தடுத்து மூச்சிழுக்கிறார்கள், பிறகு இருவரும் வெகுநேரம் சும்மா இருக்கிறார்கள். ஒருவர் முடிப்பதற்குள் அடுத்தவர் தொடங்கிவிடுவதால் ஒருவருடைய பங்கில் இன்னொருவர் கை வைப்பார். வடிவமைப்பிலேயே இருக்கிற குணம் இது. இதோடு ஒத்துப்போகிற கார்புரேட்டரைத்தான் தேட வேண்டும்.

ஹெரால்டை முதலில் உருவாக்கிய டிரையம்ஃப் கம்பெனிக்காரர்களே இதற்கு விடை வைத்திருந்தார்கள். 1959-ல் இங்கிலாந்தில் ஹெரால்டு வந்தபோது நான்கு பேர் உட்காரும் சாதாரண மாடலுக்கு ஒற்றை சோலெக்ஸ் கார்புரேட்டர். சுமார் 35 குதிரைத்திறன். அதே 948 சிசி இன்ஜினுக்கு இரட்டை எஸ்யூ கார்புரேட்டர் வைத்து கூப்பே மாடலில் 45 குதிரைத்திறன் எடுத்தார்கள். வாசலுக்கு ஒரு கார்புரேட்டர், கணக்கு அவ்வளவுதான்.

இன்னொரு கதை இதைவிடப் பாடம் நிறைந்தது. பிறகு 1147 சிசி இன்ஜின் வந்தது. ஹெரால்டு 1200 மாடலில் அது ஒற்றை சோலெக்ஸோடு 39 குதிரைத்திறன் கொடுத்தது. 1962-ல் அதே 1147 சிசி இன்ஜினை ஸ்பிட்ஃபயர் என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் காரில் வைத்தபோது 63! ஒன்றரை மடங்குக்கும் மேல். இதைப் படித்துவிட்டு "பார்த்தீர்களா, இரண்டு எஸ்யூ மாட்டினால் 24 குதிரை கூடுகிறது" என்று ஒரு தம்பி என்னிடம் வாதாடினார். அப்படி இல்லை. ஸ்பிட்ஃபயரில் கேம்ஷாஃப்ட் வேறு, வால்வு அதிக நேரம் திறந்திருக்கும். கம்ப்ரஷன் 8-லிருந்து 9 ஆனது. புகை வெளியேறும் வழியும் வேறு. உள்ளே இழுப்பது, அழுத்துவது, வெளியே தள்ளுவது என மூன்றையும் சேர்த்து மாற்றியதால்தான் 63. கார்புரேட்டர் அந்தச் சங்கிலியின் ஒரு கண்ணி. அதை மட்டும் மாற்றினால் கொஞ்சம் கிடைக்கும். அந்தக் கொஞ்சத்தை மேலே ஏறும் வேகத்தில் உணரலாம், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி வாசல் கொடுத்த எட்டுத் துளை ஹெட், ஸ்பிட்ஃபயரில் 1296 சிசி இன்ஜினோடு மூன்றாவது மாடலில்தான் வந்தது. வெபர் ஜோடிக்கு ஆசைப்பட வேண்டிய இடம் அது.

எஸ்யூவைப் பற்றி நான்கு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. எஸ்யூ என்றால் ஸ்கின்னர்ஸ் யூனியன். செருப்பு, பூட்ஸ் வியாபாரம் செய்த குடும்பத்துச் சகோதரர்கள் செய்தது. ஆரம்பகால மாடல்களில் பிஸ்டனுக்குப் பதிலாகத் தோல் துருத்திதான் இருந்தது. வெஞ்சுரி ஒரே அளவில் நிற்காமல், இன்ஜின் எவ்வளவு காற்று கேட்கிறதோ அந்த அளவுக்குத் தானாகத் திறக்கும். மேலே மணி போன்ற கூட்டுக்குள் ஒரு பிஸ்டன். அதன் அடியில் கூர்ந்து போகிற ஊசி. காற்று கூடினால் பிஸ்டன் உயரும், ஊசி ஜெட்டிலிருந்து மேலே வரும், பெட்ரோல் வழி அகலமாகும். குறைந்தால் இறங்கும். மெதுவாக ஓட்டினாலும் வேகமாக ஓட்டினாலும் காற்றின் வேகம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். தகரப் பம்பின் துளை தேவைக்கேற்பச் சுருங்கி விரிந்தால் எப்படி இருக்கும்! இவ்வளவு எளிமையாக இவ்வளவு புத்திசாலித்தனமான பொருளை என் தொழிலில் நான் வேறு பார்த்ததில்லை.

அந்த ஊசியில்தான் நான் அடி வாங்கினேன். 1984. தனியாகப் பட்டறை போட்டு இரண்டாவது வருடம். ஒரு வாடிக்கையாளரின் உறவினர் இங்கிலாந்திலிருந்து பழைய இரட்டை எஸ்யூ செட் கொண்டுவந்திருந்தார். ஒன்றேகால் அங்குல ஹெச்எஸ்2. இரண்டு நாள் உட்கார்ந்து மாட்டினேன். ஐட்லிங் தையல் மெஷின் மாதிரி இருந்தது. பெருமையோடு சாவியைக் கொடுத்தேன். அவர் குடும்பத்தோடு திண்டிவனம் போனார். மதுராந்தகம் தாண்டியதும் புகை, சத்தம், வண்டி நின்றது. கயிறு கட்டி இழுத்துவந்து ஹெட்டைத் திறந்தால் மூன்றாவது பிஸ்டனின் தலையில் சுண்டுவிரல் நுழைகிற ஓட்டை. விளிம்பு மெழுகு உருகியது போல வழிந்திருந்தது.

காரணம் தெரிய ஒரு வாரம் ஆனது. எஸ்யூ ஊசியின் அடித்தண்டில் அதன் வகையைச் சொல்லும் எழுத்துகள் பொறித்திருக்கும். முன் கார்புரேட்டரில் ஒரு வகை, பின் கார்புரேட்டரில் வேறு வகை. எவரோ எப்போதோ மாற்றிப் போட்டிருக்கிறார்கள். இரண்டு ஊசியும் தடித்த முனையில் ஒரே அளவு, அதனால் ஐட்லிங்கில் வித்தியாசமே தெரியவில்லை. கூர்முனையில் பின்னது கொஞ்சம் தடிமன், தலைமுடி அளவுகூட இல்லை. ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து ஓட்டும்போது பின் வாசலுக்கு மட்டும் பெட்ரோல் குறைந்தது. பெட்ரோல் குறைந்த கலவை கூடுதல் சூட்டில் எரியும், பிறகு நேரம் தவறி வெடிக்கும். பத்து நிமிடம் போதும், அலுமினியம் தாங்காது. ஊசியைக் கழற்றி எழுத்தைப் படித்திருந்தால் தெரிந்திருக்கும். நான் படிக்கவில்லை. ஐட்லிங்கில் கேட்டதை வைத்து முழு வேகத்துக்கும் உத்தரவாதம் கொடுத்துவிட்டேன். செலவை நானே ஏற்றுக்கொண்டேன். அந்த பிஸ்டனை இன்றும் மேசை மேல் வைத்திருக்கிறேன். புதிதாக வேலைக்குச் சேரும் பையன்களுக்கு முதலில் அதைத்தான் கையில் கொடுப்பேன்.

முழு வேகத்தில் கலவையைப் பார்க்கும் வழியை எனக்கு முன்பே ஒருவர் காட்டியிருந்தார், அதுதான் வருத்தம். சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயம் நடத்திய காலம். 1990-ல் இருங்காட்டுக்கோட்டைப் பாதை வரும் வரை நமக்கு ரேஸ் என்றால் சோழவரம். என் குருநாதரோடு டூல் பெட்டி தூக்கிக்கொண்டு போவேன். ஓட்டுகிறவர் நேர்ப்பாதையில் முழு வேகத்தில் வரும்போதே இக்னிஷனை நிறுத்தி, கிளட்சை மிதித்து, அப்படியே உருண்டு வந்து நிற்பார். குருநாதர் சாக்குத் துணியால் சூட்டைப் பிடித்துக்கொண்டு நான்கு பிளக்கையும் கழற்றி பானெட் மேல் வரிசையாக வைப்பார். பிஸ்கட் நிறம் இருந்தால் சரி. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். சாம்பல் வெளுப்பாக இருந்தால் வாயைத் திறக்காமல் உடனே ஜெட்டை மாற்றுவார். இன்று புகைக்குழாயில் ஆக்ஸிஜன் சென்சார் வைத்து, ஓட்டும்போதே கலவை விகிதத்தை மீட்டரில் பார்க்கலாம். தாராளமாக வாங்குங்கள். முழு மிதியில் 12.5-க்கும் 13-க்கும் இடையே நின்றால் பயமில்லை. அன்று எனக்கு அது கிடைத்திருந்தால் ஒரு குடும்பம் நடுரோட்டில் நின்றிருக்காது.

கார்புரேட்டருக்குக் காசு எடுத்து வைப்பதற்கு முன் இன்ஜின் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். நான்கு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் அளங்கள். நான்கும் பத்து சதவீத வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் பிளக் துளையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு. டேப்பெட் இடைவெளி 0.010 அங்குலம், பாயிண்ட் 0.015. டைமிங் சரியாக இருக்கட்டும். இவற்றைச் செய்ததுமே பாதிப் பேர் "ஐயா, வண்டி இப்போதே பறக்குதே" என்பார்கள். தொலைந்துபோன குதிரைகள் திரும்பி வந்ததுதான் அது.

இன்னொன்றை விடவே கூடாது. ஒருவரை கிளட்சை மிதிக்கச் சொல்லிவிட்டு கிராங்க் புல்லியைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு அது முன்னால் நகர்ந்தால் பின் மெயின் பேரிங்கில் இருக்கும் பிறை வடிவ த்ரஸ்ட் வாஷர்கள் தேய்ந்துவிட்டன. அவை கழன்று சம்பில் விழுந்தால் கிராங்கும் போகும், பிளாக்கும் போகும். அந்த நிலையில் இருக்கிற இன்ஜினுக்குக் கூடுதல் சக்தி கேட்பது பாவம். மூன்றே மெயின் பேரிங் உள்ள கிராங்க் அது, நல்ல நிலையிலும் சுற்றைக் கண்டபடி ஏற்றாதீர்கள்.

இரட்டை எஸ்யூ மாட்டிவிட்டால், ட்யூனிங்கை நீங்களே கற்றுக்கொள்ளுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடானதும் இரண்டு த்ராட்டிலையும் இணைக்கிற கிளாம்பைத் தளர்த்துங்கள். ஒரு அடி ரப்பர் டியூப்பை எடுத்து ஒரு முனையைக் காதிலும் மறு முனையை கார்புரேட்டர் வாயிலும் வையுங்கள். 'உஸ்' என்ற சத்தம் கேட்கும். அடுத்ததிலும் கேளுங்கள். இரண்டும் ஒரே சுருதியில் வரும்வரை ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருப்புங்கள். பிறகு கலவை. கார்புரேட்டரின் அடியில் சின்னக் குச்சி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும், அதை விரலால் மெல்லத் தூக்கினால் உள்ளே பிஸ்டன் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயரும். சுற்று ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். தடுமாறி அணையப் பார்த்தால் குறைவு. ஒரு கணம் ஏறி, பழையபடி அடங்கினால் சரி. அடியில் இருக்கும் அறுபட்டை நட்டை ஒவ்வொரு பட்டையாகத் திருப்பித் திருப்பி அந்த இடத்துக்கு வர வேண்டும். முதல் தடவை இரண்டு மணி நேரம் ஆகும். விரல் அந்தக் குச்சியின் பாஷையைப் படித்துவிட்டால் அப்புறம் மறக்காது. மேலே டேம்பரில் ஆயில் இருக்கிறதா என்று பார்க்க மறக்காதீர்கள். அது வற்றினால் மிதித்தவுடன் பிஸ்டன் துள்ளி ஏறி, கலவை இளைத்து, வண்டி விக்கும்.

நம் ஊர் வெயிலையும் சொல்ல வேண்டும். இந்த இன்ஜினில் உள்ளிழுக்கும் பக்கமும் புகைப் பக்கமும் ஒன்றே. கார்புரேட்டரின் அடியிலேயே நெருப்பு. மே மாதம் கத்திப்பாராவில் பத்து நிமிடம் நின்றால் பெட்ரோல் கொதித்து ஏர்லாக் ஆகும். அலுமினியத் தகட்டில் ஒரு தடுப்பும், மேனிபோல்டுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே பேக்கலைட் தடுப்பும் கட்டாயம்.

பெட்ரோலும் மாறிவிட்டது. இன்று பங்கில் கிடைப்பதில் 20 சதவீதம் எத்தனால். சுத்த பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்றால் இந்தக் கலவைக்கு 13.5 போதும். 1960-களில் அமைத்த ஜெட்டோடு இதை ஓட்டினால் கலவை தானாகவே இளைக்கும். என் பிஸ்டனை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய ரப்பர் ஹோஸ், டயஃப்ரம் எல்லாம் எத்தனாலில் ஊறிப் பிசுபிசுக்கும், அதைத் தாங்கக்கூடிய ஹோஸுக்கு மாற்றிவிடுங்கள். மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்துவதானால் ஃப்ளோட் சேம்பரைக் காலி செய்யுங்கள். எத்தனால் ஈரத்தை இழுத்து உள்ளே அரிப்பை உண்டாக்கும்.

பிரேக் நான்கும் டிரம் என்பது உங்களுக்குத் தெரியும். வேகத்தைக் கூட்டுவதற்கு முன் அதைச் சரிபாருங்கள். இரண்டு கதவு ஹெரால்டில் பின்னால் ஸ்விங் ஆக்ஸில். வளைவில் வேகமாகப் போய்ப் பாதியில் சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்ளே மடங்கி வண்டி சுழலும். இதில் விளையாட்டு வேண்டாம்.

50 வருடம் கடந்த வண்டிகளை விண்டேஜ் என்று 'விஏ' எழுத்தோடு பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. உங்கள் ஹெரால்டுகள் எல்லாம் அந்த வயதைத் தாண்டியவை. சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்பது அதில் நிபந்தனை. கழற்றி மாட்டக்கூடிய மாற்றத்தோடு நிற்கச் சொல்வது இதற்காகவும்தான். ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சீவினால் சீவியது போனதுதான். கழற்றிய சோலெக்ஸையும் அதன் மேனிபோல்டையும் துடைத்து, எண்ணெய் தடவி, வாய்களைத் துணியால் அடைத்து, ஒரு டின்னில் போட்டுப் பரணில் வையுங்கள். எடைக்குப் போடாதீர்கள். புதுப்பேட்டைப் பழைய பாகக் கடைகள் முழுக்கத் தேடினாலும் நல்லது ஒன்று கிடைப்பது இப்போது கஷ்டம்.

அட்டைப்பெட்டியோடு வந்த அந்த இருவருக்கு: அன்று உங்களை அப்படியே அனுப்பியது தவறு. இரண்டு வெபரில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விற்றுவிடுங்கள். ஒரு டிசிஓஇக்கு இரண்டு வாய், உங்கள் ஹெட்டுக்கு இரண்டு துளை. வாய்க்கு ஒரு துளை என்று குழாய் வைத்து மேனிபோல்டு செய்யலாம். அலுமினியம் வார்க்கத் தெரிந்த ஒருவர் இன்னும் இருக்கிறார். உள்ளே எத்தனை மில்லிமீட்டர் வெஞ்சுரி போட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். 30 என்றால் மெயின் ஜெட் 120, ஏர் ஜெட் 170-ல் தொடங்கி, பிளக் நிறத்தைப் பார்த்து மேலே கீழே போகலாம். பெட்ரோல் பம்பின் அழுத்தம் 3 பிஎஸ்ஐக்கு மேல் போகக் கூடாது, போனால் ஃப்ளோட் ஊசி தாங்காது, வாய் வழியே வழியும். கார்புரேட்டரை இறுக்கிப் பிடிக்காமல் ரப்பர் வளையத்தின் மேல் மிதக்க விட வேண்டும், அதிர்ந்தால் பெட்ரோல் நுரைக்கும். இரட்டை எஸ்யூவைவிட இதற்கு நாள் அதிகம் ஆகும். ஒன்றிரண்டு மாதம் வண்டியை என்னிடம் விட முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நான்கு சிலிண்டரின் கம்ப்ரஷன் அளவையும், கிளட்சை மிதித்தபோது புல்லி நகர்ந்ததா இல்லையா என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பட்டறை திறந்திருக்கும்.

அன்புடன்,
உங்கள் பட்டறைக்காரர்